சேஷாத்ரி சாரின் முன் பிரேக்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை வகுப்பு நடத்திக்கொண்டிருந்தபோது கல்லூரி அலுவலகத்திலிருந்து ஆள் வந்து வாசலில் நின்றார். நின்ற விதத்திலேயே நல்ல செய்தி இல்லை என்று தெரிந்தது. சேஷாத்ரி சாருக்கு விடியற்காலையில் மாரடைப்பு, ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றார். நான் புத்தகத்தை மூடிவிட்டு மாணவர்களைப் பார்த்து, "பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன். எதற்கு அப்படிச் சொன்னேன் என்று அவர்களுக்குப் புரிந்திருக்காது.

அது சாருடைய வாக்கியம். வேதியியல் துறையில் அவரோடு வேலை பார்த்த உங்கள் எல்லோருக்கும் தெரியும். இன்று திங்கட்கிழமைதானே என்று கேட்டால்கூட அந்த மனிதர் "பாத்துட்டுச் சொல்றேன்" என்பார். தமிழ்த் துறைக்காரனான எனக்கு எதையும் பார்க்காமலே சொல்லிப் பழக்கம். எங்களுக்குள் எப்படி ஒத்துப்போயிற்று என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

மோட்டார் சைக்கிள் என்றால் அவருக்குப் பைத்தியம். ஒரு மழை நாளில் மனைவி வைதேகியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு லஸ் முனையில் வந்துகொண்டிருந்தார். ஆட்டோ ஒன்று குறுக்கே வந்தது. சார் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தார். சக்கரம் சுழல்வதை நிறுத்திப் பூட்டிக்கொண்டு வழுக்க, இருவரும் விழுந்தார்கள். அவருக்குச் சிராய்ப்பு, வைதேகி அம்மாவுக்குக் கணுக்கால் எலும்பு முறிவு. கட்டுப் பிரித்த பிறகு அம்மா அடையாறில் தாம் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸில் போக ஆரம்பித்தார். சண்டை எதுவும் இல்லை. பின்னால் ஏறுவதை மட்டும் நிறுத்திவிட்டார்.

சார் என்ன செய்தார் தெரியுமா? அந்தப் பஸ்ஸின் பின்னாலேயே வண்டியில் போனார். அது நிற்கும் இடமெல்லாம் தானும் நின்று, அம்மா பள்ளி வாசலில் நுழைந்த பிறகு கல்லூரிக்குத் திரும்புவார். ஒருநாள் நானும் பின்னால் உட்கார்ந்து போய், பஸ் கக்கிய புகையெல்லாம் குடித்துவிட்டு வந்து அவரை வாயில் வந்தபடி திட்டியிருக்கிறேன்.

பிறகுதான் அந்த ஜெர்மன் வண்டி வந்தது. ஆழ்வார்பேட்டையில் குடியிருந்த வெளிநாட்டுப் பொறியாளர் ஒருவர் ஊர் திரும்பும்போது விற்றது. எப்படி வாங்கினார் என்று கேட்காதீர்கள், தாம்பரத்துக்கு அப்பால் இருந்த ஒரு மனை அந்த வருடம் காணாமல் போயிற்று. அதில் ஏபிஎஸ் என்றொரு பெட்டி இருந்தது. சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகிறது என்று தெரிந்தால் பிரேக்கைத் தானே விட்டு விட்டுப் பிடிக்கும். வண்டியைப் பார்த்துவிட்டு அம்மா, "இது உங்க ஆசை. இதுல என் பேரை எதுக்குச் சேக்கறேள்?" என்றார்.

"முன் சக்கரம் இனிமே பூட்டிக்காது வைதேகி. அதுக்கு நான் பொறுப்பு" என்றார் சார். அம்மா யோசிக்கிறேன் என்றார். அந்த 'யோசிக்கிறேன்' மாதக்கணக்கில் ஓடியது.

இதற்கிடையில் சாருக்கு முதுகு வலி. குனிந்து ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ராயப்பேட்டை மெக்கானிக் பாபு கைப்பிடியை நாலு விரற்கடை உயர்த்திக் கொடுத்தான். ஆனால் பிரேக் எண்ணெய் போகும் குழாய் நீளம் போதவில்லை. கைப்பிடியை ஒடித்துத் திருப்பினால் குழாய் விண்ணென்று இழுத்தது. நீளமான குழாய் ஒன்றைச் செய்து போட்டார்கள். போட்டதும் வேறு வினை வந்தது. பழைய குழாயைக் கழற்றியபோது உள்ளே புகுந்த காற்று, ஏபிஎஸ் பெட்டியின் சந்துபொந்துகளில் போய் உட்கார்ந்துகொண்டது. பிரேக்கை அழுத்தினால் ஊறிய இட்லி மாதிரி அமுங்கியது.

பாபு நல்ல வேலைக்காரன், நேரம்தான் அவனிடம் கிடையாது. "அந்தப் பொட்டிய வுட்டுட்டு நேரா சக்கரத்துக்கு ஒரு ஓசு இழுத்துர்லாம் சார். பிரேக்கு கல்லு மாதிரி நிக்கும். மீட்டர்ல ஏபிஎஸ் வெளக்கு எரிஞ்சிக்கினு இருந்தா பல்ப கழட்டிடு. அம்மாவுக்கு இன்னா தெரியப் போவுது?" என்றான். எனக்கு அது மிக நியாயமாகப் பட்டது.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவளுக்குத் தெரியாது. பின்னாடி உக்காந்துண்டு என் தோள்ல கை வெப்பா. எனக்குத் தெரியுமே" என்றார்.

அன்று மாலையே வீட்டுக்குப் போய், பிரேக் சரியில்லை, சரியாகும்வரை நீ யோசிக்கக்கூட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஏறலாமா என்று அரை மனதாக இருந்தவரிடம் போய் இதைச் சொல்வார்களா?

ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூரில் அவர் வீட்டு முற்றத்தில் நாங்களே வேலையைத் தொடங்கினோம். ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் கீழே திருகைத் திறந்து காற்றை வெளியேற்றி மூட வேண்டும். எண்ணெய் வற்றாமல் மேலே ஊற்றிக்கொண்டும் இருக்க வேண்டும். சார் திருகருகே உட்கார்ந்துகொள்ள, அழுத்துவதையும் ஊற்றுவதையும் நானே செய்து திணறுவதை அம்மா உள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். சற்றுப் பொறுத்து வந்தார். "நீங்க எண்ணெயைப் பாத்துக்கோங்கோ, இதை நான் பிடிக்கறேன்" என்றார்.

சார் நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்துகொண்டார். "பிடி" என்பார். அம்மா அழுத்துவார். "விடு" என்பார். அம்மா விடுவார். திருகில் மாட்டிய கண்ணாடிக் குழாயில் குமிழி வந்துகொண்டே இருந்தது. அம்மாவுக்கு அவசரமே இல்லை. வெயில் முற்றத்துக்கு வந்து, சுவரேறிப் போயிற்று. கடைசியில் குமிழி நின்றது. அம்மா இன்னும் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, "கெட்டியா இருக்கு" என்றார்.

மறுநாள் காலை பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் சோதனை. ஈரத் தாரில் மணல் படிந்திருந்தது. அம்மாவும் நானும் ஓரமாக நின்றோம். சார் தனியாக வேகமாக வந்து, வேண்டுமென்றே முன் பிரேக்கை முழுதாகப் பிடித்தார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். வண்டி கடகடவென்று அதிர்ந்து நேராக நின்றது. "துடிக்கறது வைதேகி, பிரேக் கைக்குள்ளே துடிக்கறது" என்றார் சார். அம்மா புடவையைச் சரிசெய்துகொண்டு பின்னால் ஏறினார். என்னை அங்கேயே விட்டுவிட்டு இருவரும் போய்விட்டார்கள். எனக்குக் கோபமே வரவில்லை, கண்தான் கலங்கிற்று.

காரியமெல்லாம் முடிந்தபின் போன வாரம் என் மனைவியோடு அம்மாவைப் பார்க்கப் போனேன். வண்டி முற்றத்தில் நின்றது. அதைப் பார்த்தபடி அம்மா சொன்னார்: "அந்தப் பெட்டி எனக்காக ஒரு தடவைகூட வேலை செஞ்சதில்லை. நான் பின்னாடி இருந்தா அத்தனை நிதானமா ஓட்டுவார். அது எப்படித் துடிக்கும்னு கடைசிவரைக்கும் எனக்குத் தெரியவே இல்லை."

சாரிடமிருந்து நான் எதை எடுத்து வைத்துக்கொள்வது? வேதியியல் எனக்கு வராது, பொறுமையும் வராது. அன்று அங்கிருந்து தி. நகரில் எங்கள் வீட்டுக்குக் கிளம்பும்போது என் மனைவி வழக்கம்போல ஸ்கூட்டரின் பின்னால் ஏறி என் தோளில் கை வைத்தாள். இத்தனை வருடமாக அந்தக் கை அங்கேதான் இருக்கிறது. அது எவ்வளவு கனம் என்று இப்போதுதான் தெரிகிறது, சார். மெதுவாகத்தான் போகிறேன்.