தம்பியின் சொல்லை யாரும் முடிக்க வேண்டாம்

வாழவந்திக்கு வந்து தம்பியின் கடைசிக் காரியத்தில் நின்ற உறவுகளுக்கும், வர முடியாமல் தூரத்தில் இருந்து வருத்தப்பட்டவர்களுக்கும், வீட்டுக்கு மூத்தவள் நான் வணக்கம் சொல்லிக்கொள்கிறேன். வருடம் ஒன்று ஓடிவிட்டது. கடைசிக் காலத்தில் தம்பிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பேசிக்கொண்டவர்கள் கைக்கும் இந்த நினைவு மலர் வரும். அவர்கள் இதை முழுக்கப் படிக்க வேண்டும். படித்துவிட்டு அப்புறம் பேசட்டும்.

நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள். ஆகவே நான் சொல்லச் சொல்லத் தம்பி மகன் குமரன் எழுதினான். தம்பியை நான் வாடா போடா என்றே அழைத்து வளர்த்தேன். அச்சில் வருவதால் "அவர்" என்றே இருக்கட்டும், அத்தை என்றான். இருக்கட்டும். அந்த மரியாதைக்கு உரியவர்தான்.

தம்பி பிறந்தது ஏற்காட்டு மலையில் இதே வாழவந்தியில். நான், அடுத்துத் தங்கை, கடைசியாக அவர். அம்மா எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கப் போய்விடுவார். அப்பாவுக்குச் சாமைக் காடு. கைப்பிள்ளை என் இடுப்பில்தான் இருந்தது. அதனால் அவருக்குப் பேச்சு என்னிடமிருந்துதான் வந்தது. மாடு, மழை, களி, நிலா எல்லாம் நான் கை நீட்டிக் காட்டிச் சொன்னவை. முதன்முதலில் அவர் வாயில் வந்த சொல் "அக்கா". அம்மாவுக்கே அதில் கொஞ்சம் மனத்தாங்கல்.

படிக்கிற காலத்தில் விடுமுறைகளில், ஏற்காட்டில் ஒரு கிறிஸ்தவ மடத்துத் தோட்டத்துக்கு வேலைக்குப் போவார். அங்கே இருந்த வயதான சாமியார் ஸ்பெயின் தேசத்துக்காரர். அவருக்குத் தமிழ் வராது, தம்பிக்கு இங்கிலீசு வராது. கேரட்டைப் பிடுங்கினால் கேரட்டுக்குப் பேர், மண்ணைக் கிளறினால் மண்ணுக்குப் பேர். அப்படித்தான் ஸ்பானிஷ் பாஷை அவருக்குள் போயிற்று. அதையே பிடித்துக்கொண்டு சேலம், அப்புறம் டில்லி, அப்புறம் அந்தத் தேசத்துக்கே போய்ப் படித்து, டில்லியில் ஒரு பல்கலைக்கழகத்தில் அந்தப் பாஷைக்கே ஆசிரியரானார். லீவில் வரும்போது ஒண்டிக்கடை பஸ் நிறுத்தத்தில் கேலி செய்வார்கள்.

"ஏனுங்க வாத்தியாரே, உங்க பாசையில கைகாட்டுனா நம்ம பஸ் நிக்குமுங்களா?"

"தமிழ்ல கைகாட்டியே நிக்கறதில்லீங்களே" என்பார் தம்பி.

எமர்ஜென்சி முடிந்த பிறகு வந்த ஒரு கோடையில் தன் மாணவர்களை ஏற்காடு பார்க்கக் கூட்டி வந்தார். வெயிலில் நடந்து என் வீட்டுக்கு வந்தார்கள். ஒரு பெண் சமையல்கட்டு வரை வந்து இந்தியில் என்னவோ கேட்டது. தண்ணீர்தான் என்று முகத்திலேயே தெரிந்தது. நான் சொம்பை எடுத்தேன். தம்பி கையை நீட்டித் தடுத்தார்.

"அக்கா, குடுக்காதீங்க. ஸ்பானிஷ்ல கேக்கட்டும்."

"ஏன்டா, தாகத்துக்குத் தண்ணி கேக்கறதுக்குமாடா பரீட்சை?"

"பரீட்சை இல்லீங்கக்கா. தேவை இருக்கறப்ப வர்ற சொல்லு போகவே போவாது. நான் போர்டுல 'நல்லாயிருக்கியா'ன்னு எழுதிப் போட்டுச் சொல்லிக் குடுத்தா நாளைக்கே மறந்துரும்."

அந்தப் பெண் தடுமாறியது. பக்கத்தில் நின்ற பையன் ஒருவன் சொல்லை எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தான். தம்பி இடது கையைத் தூக்கி "எஸ்பெரா" என்றார். பொறு என்று அர்த்தமாம். எல்லோரும் பொறுத்தோம். கடைசியில் அது "ஆகுவா" என்று சொல்லிச் சிரித்தது. சொம்பை நீட்டினேன். அடுத்தவர் சொல்லை யாரும் முடித்துக் கொடுக்கக் கூடாது, தப்பாகச் சொன்னால் யாரும் சிரிக்கக் கூடாது. அவருடைய வகுப்பில் சட்டம் என்று இருந்தவை இவைதான்.

இந்த முறைக்காக அவர் பட்டதும் உண்டு. பிள்ளைகள் பேசுகிறார்கள், ஆனால் பரீட்சையில் இலக்கண விதி எழுதத் தெரியவில்லை என்று மேலே இருந்தவர்கள் குறை சொன்னார்கள். முதல் வருட வகுப்பை அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். புதிதாக வரும் பிள்ளைகளுக்குப் பேச்சு திறக்கிற இடம் அது. அந்த லீவு முழுக்கக் காப்பிக் களத்தில் முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்.

"நீங்க எனக்குப் பேசப் பழக்குனப்ப இலக்கணமா சொல்லிக் குடுத்தீங்க?" என்று கேட்டார்.

"நீ எதுக்கு அழுதியோ அதுக்கு ஒரு பேரச் சொன்னேன். அவ்வளவுதான் சாமி."

"நானும் அதத்தானுங்க செய்யறேன்" என்றார்.

ஓய்வு பெற்றார். அவர் மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்டார். குமரனுக்குச் சென்னையில் வேலை. தம்பி என்னோடு வந்து இருந்தார். காப்பியில் சர்க்கரை ஒரு துளி கூடினாலும் கோபம் வரும், அது ஒன்றுதான் தொல்லை. மறு வருடம் ஒரு காலையில் பல் விளக்கப் போனவர் அப்படியே சரிந்தார். ஜீப்பில் வைத்துச் சேலத்துக்குக் கொண்டுபோனோம். வலப்பக்கம் விழுந்துவிட்டது. கண் திறந்ததும் அவர் சொன்னது "ஆகுவா". நர்சம்மாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

தமிழ் அடியோடு போய்விட்டது. நாம் பேசினாலும் ஏதோ அயல் பாஷை போலப் பார்ப்பார். டாக்டர் என்னை உட்கார வைத்துச் சொன்னார்: "அம்மா, இது எப்போதாவது ஒருத்தருக்கு வருவது. பிறந்த பாஷை போய், அப்புறம் படித்த பாஷை நின்றுவிடும். அறிவு அப்படியே இருக்கிறது. தமிழ் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம்."

ஊருக்கு வந்தால், பங்காளி வீட்டு அண்ணன் வாசலிலேயே கேட்டார்.

"ஏனுங்க அம்மிணி, உங்க தம்பிக்கு வெள்ளக்காரப் பேய் புடிச்சிருக்குதாட்டம் இருக்குதுங்களே?"

"பேய்க்கெல்லாம் தண்ணி தவிக்குமுங்களா அண்ணா?" என்றேன். வாயடைக்கத்தான் சொன்னேன். உள்ளுக்குள் எனக்கும் பயம்தான். நான் ஊட்டிய பேச்சு ஒன்றுகூட அவரிடம் இல்லை. என்னைப் பார்க்கிறார், அக்கா என்ற சொல் வரவில்லை. அது ஒன்று வந்துவிட்டால் போதும் என்று வேண்டாத சாமி இல்லை.

குமரன் லீவு போட்டு வந்தான். தகப்பனாரின் வகுப்பில் உட்கார்ந்து பார்த்தவன் அவன்.

"அத்தை, அப்பா இப்படித்தானுங்க பழக்குவாரு. தமிழ்ல கேட்டாத்தான் தண்ணின்னு கெட்டியா இருந்தா வந்துருமுங்க."

டம்ளரைக் கட்டிலுக்கு எட்டாமல் பிடித்துக்கொண்டான். தம்பி "ஆகுவா" என்றார். "தண்ணி. தண்ணின்னு சொல்லுங்கப்பா" என்றான் இவன். மறுபடியும் "ஆகுவா". மறுபடியும் "தண்ணி". தம்பி இடது கையால் கட்டிலை அடித்தார். கண்ணில் நீர் வழிந்தது. பிடித்திருந்தவனுக்கும் வழிந்தது. நான் டம்ளரைப் பிடுங்கித் தம்பியின் வாயில் வைத்தேன்.

"அந்தப் புள்ளைங்களுக்கு வேற பாசை கையில இருந்துச்சு கண்ணு. உங்கப்பனுக்கு இது ஒண்ணுதான் மிச்சம். இதையும் புடுங்கறியா?"

இதை எழுதும்போது குமரன் பேனாவை நிறுத்தினான். எழுது என்றேன். அப்பா மேல் இருந்த ஆசையில் செய்தான், இதில் மறைக்க ஒன்றுமில்லை.

அன்றைக்கு முடிவெடுத்தேன். அவரால் நம்மிடம் வர முடியவில்லை என்றால் நான் அவரிடம் போகிறேன். மறுநாள் ஒரு ஆரஞ்சை எடுத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். காட்டினேன். பேர் சொன்னார். நான் சொன்னேன். தலையை ஆட்டி இல்லை என்றார். குமரன் குறுக்கே வந்து, "அத்தை, அதுக்கு அர்த்தம்..." என்று ஆரம்பித்தான். தம்பியின் இடது கை மேலே போயிற்று. "எஸ்பெரா!"

படுத்ததற்கு அப்புறம் அன்றுதான் அவர் முகத்தில் பழைய வாத்தியாரைப் பார்த்தேன். நான் சரியாகச் சொல்லும் வரை காத்திருந்தார். சொன்னதும் வாய் கோணச் சிரித்தார். விளக்கு, போர்வை, குளிர், வலி என்று தினமும் நடந்தது பாடம். வயிறு வலித்தால் எங்கே என்று அவர் பாஷையில் நான் கேட்பேன். புத்தி பேதலித்தவரா இப்படிச் சொல்லிக் கொடுப்பார்? அவருடைய கடைசி மாணவி நான். பெருமையாகவே சொல்கிறேன்.

ஒருநாள் என் நெஞ்சில் கை வைத்துக் காட்டினேன். "எர்மானா" என்றார். சேலத்திலிருந்து தங்கை வந்தபோது அவளைப் பார்த்தும் அதையே சொன்னார். உடன்பிறந்தவள் என்று எனக்கு விளங்கிவிட்டது, யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு பேர் கிடைத்தது. ஆனாலும் நான் ஏங்கியது அக்கா என்ற பேருக்குத்தான். அதை எந்தப் பாடத்திலும் கேட்க முடியாது அல்லவா?

கடைசி நாளில் பால் ஊற்ற எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்றோம். நான் குனிந்து காதில் "ஆகுவா" என்றேன். சாமி பேரைச் சொல்லாமல் இது என்ன என்று சிலர் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. அவருக்குப் புரிகிற சொல்லை நான் சொன்னேன். அப்போது கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். உதடு அசைந்தது.

"அக்கான்னு சொல்ல வர்றான்!" என்றாள் தங்கை.

"இல்லீங்க, தண்ணி கேக்குதாட்டம்" என்றார் பங்காளி அண்ணன்.

நான் இடது கையைத் தூக்கினேன். "எஸ்பெரா" என்றேன். அத்தனை பேரும் வாயை மூடினார்கள். காத்திருந்தோம். உதடு இன்னொரு தரம் அசைந்தது. அப்புறம் அசையவில்லை.

என்ன சொல்ல வந்தார் என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. என் ஆசைக்கு ஒரு சொல்லை அதில் வைத்துக்கொள்ள மாட்டேன். நீங்களும் வைக்காதீர்கள்.

ஜீப் கொடுத்து உதவிய, எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டருக்கும், படி ஏறி வந்து பார்த்த டாக்டருக்கும், துணி துவைத்துக் கொடுத்த பக்கத்து வீட்டுப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பங்காளி அண்ணன் தொடங்கி அன்று கட்டிலைச் சுற்றி நின்ற உங்கள் எல்லோருக்கும் தனியாக ஒரு நன்றி. என் தம்பி பேசும்போது நீங்கள் பொறுத்திருந்தீர்கள்.