நான் சொல்லாமல் விட்ட ஒரு மாத்திரை

சென்ற ஆண்டு ஈஸ்டர் முடிந்த வாரம் என் மனைவி கிரேஸ் சமையலறையில் மல்லாக்க விழுந்தாள். அது மூன்றாவது முறை. முகத்தில் வலியும் இல்லை, பயமும் இல்லை. ஒரு வருடமாகவே அந்த முகம் அசைவற்றுத்தான் இருந்தது. நடை சிறுத்துவிட்டது. கைகள் நடுங்கின. வேண்டுமென்றே மெதுவாக நடக்கிறாள் என்று நான் அதட்டியிருக்கிறேன். தேவன் என்னை மன்னிப்பாராக.

அதற்கு முன்பே ஒரு டாக்டர் பார்க்கின்சன் என்றிருந்தார். அதற்கான மருந்தை ஆறு மாதம் சாப்பிட்டும் பலனில்லை. மும்பை கிங்ஸ் சர்க்கிளில் ஒரு நரம்பியல் டாக்டரம்மாவிடம் போனோம். மராட்டிக்காரர். பார்க்கின்சன் போலவே தோன்றும் வேறு நோய்களும் உண்டு, சில அதைவிடக் கொடியவை என்று ஹிந்தியில் சொன்னார். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டார். பிரஷருக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று என்று நான்தான் பதில் சொன்னேன்.

"தலைசுத்துக்கு ஒண்ணு தாரியளே, அதையும் சொல்லுங்க" என்றாள் கிரேஸ்.

"அதெல்லாம் ஒரு மருந்தா? நாஞ் சொல்லுதேன்லா, நீ சும்மா இரி."

நாலு வருடத்துக்கு முன் இரண்டே வாரத்துக்கு எழுதித் தந்த மாத்திரை அது. பழைய சீட்டைக் காட்டி வாங்கி, தினமும் நானே கொடுத்து வந்தேன். வேதியியல் படித்தவன் என்ற மிதப்பு.

எம்.ஆர்.ஐ.யில் மூளை எங்கும் சுருங்கியிருக்கவில்லை. அது மட்டும் போதாது என்று இன்னொரு ஸ்கேனுக்கு எழுதினார். ஊசி போட்டு, உடலின் அசைவுக்கான செல்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று படம் எடுப்பது. முடிவுக்குக் காத்திருந்த நாட்களில் தாராவியில் எங்கள் சபை உபவாச ஜெபம் வைத்தது. "ஆண்டவரே, மறைந்திருப்பதை வெளியே கொண்டுவாரும்" என்று முழங்காலில் நின்று அழுதேன்.

டாக்டரம்மா கணினியைத் திருப்பிக் காட்டினார். மூளைக்குள் கமா வடிவில் இரண்டு வெளிச்சங்கள் பளிச்சென்று இருந்தன. பார்க்கின்சனிலும் அதை ஒத்த நோய்களிலும் அவை மங்கிப் புள்ளிகளாகிவிடுமாம். கிரேஸுக்கு முழுதாக இருந்தன. "வேறு ஏதாவது மாத்திரை உண்டா?" என்று மறுபடி கேட்டார்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். முடியவில்லை. மறைத்தவன் நானல்லவா! எல்லாவற்றையும் சொன்னேன்.

"அரே அங்கிள், டாக்டர் கௌன் ஹை? ஆப் யா மை?" என்று தலையில் கை வைத்தார். யார் டாக்டர், நீங்களா நானா! வருடக்கணக்கில் சாப்பிட்டால் அந்த மாத்திரையே இப்படிச் செய்யுமாம். அதை அன்றே நிறுத்தச் சொன்னார்.

டாக்ஸியில் கிரேஸிடம் மன்னிப்புக் கேட்டேன். "இனிமே எனக்குப் பதிலா வாயத் தொறக்காதீய" என்றாள். அவ்வளவுதான்.

மூன்றாம் மாதம் நடுக்கம் நின்றது. ஆறாம் மாதம் அந்த முகத்தில் சிரிப்பு வந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் சாயங்காலப் பாடல் பவனியில் அவள் சந்து சந்தாக நடந்தாள். மூச்சு வாங்கி உட்கார்ந்தவன் நான். "என்ன, ஒங்களுக்கும் ஒரு ஸ்கேன் எடுப்பமா?" என்றாள். சபை முழுவதும் சிரித்தது. அல்லேலூயா!

அன்பானவர்களே, வீட்டு மாத்திரைகளையெல்லாம் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் காட்டுங்கள். நீங்களாக எதையும் தொடரவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். நோயாளியைப் பேச விடுங்கள். ஆண்டவரிடம் உண்மையைக் கேட்கப் பயப்படாதீர்கள். முதலில் உங்களைப் பற்றிய உண்மையைத்தான் காட்டுவார். தாங்கிக்கொள்ளுங்கள். என்னைக் கைவிடாதவர் உங்களையும் கைவிடமாட்டார்.