நாற்பத்திரண்டு கேள்விகளோடு ஃபிஜிக்கு

வியாழக்கிழமை கலிஃபோர்னியா டப்ளினில் கிளம்பி, சான் ஃபிரான்சிஸ்கோவில் விமானம் ஏறி, பதினோரு மணி நேரம் பறந்து ஃபிஜியின் நாடியில் இறங்கினால் சனிக்கிழமை காலை. தேதிக்கோட்டைத் தாண்டுவதால் நடுவில் வெள்ளிக்கிழமை என்ற ஒன்று எங்களுக்குக் கிடைக்கவே இல்லை. எனக்கு இருந்ததே ஒன்பது நாள் லீவு. எரிச்சல் அங்கேயே தொடங்கிவிட்டது.

ஐ.டி. வேலை பார்த்துக்கொண்டே மாஸ்டர்ஸ் படிக்கிறேன். இயற்கையைக் கெடுக்காத சுற்றுலாவைப் பற்றி ஃபிஜியின் சிறு வியாபாரிகள் என்ன நினைக்கிறார்கள் என்பது என் ஆய்வு. நாற்பத்திரண்டு கேள்விகள். இருபது பேராவது பதில் சொன்னால்தான் இந்த செமஸ்டரில் முடிக்கலாம் என்றார் பேராசிரியர். கணவர் சுந்தர் துணைக்கு வந்தார். "நீ சர்வே பண்ணு, நான் கடல்ல ஸ்நார்க்கலிங் பண்றேன்" என்பதுதான் அவர் சொன்ன துணை.

நாடியிலிருந்து நாங்கள் தங்கவிருந்த சிகடோகா ஊருக்கு எழுபது கிலோமீட்டர். டாக்சிக்கு நூற்றுப் பத்து ஃபிஜி டாலர். ஓட்டுநர் பெயர் கவுண்டர். ஆசையாகத் தமிழில் பேசினேன். "பேர் மட்டும்தான் மேடம்" என்றார் ஆங்கிலத்தில். சரி, டாக்சியும் ஒரு வியாபாரம்தானே என்று அவரிடமே சர்வேயை ஆரம்பித்தேன். பத்தாவது கேள்வி, "உங்கள் கார்பன் வெளியேற்றத்தை எப்படி அளக்கிறீர்கள்?" அவர் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்.

ஞாயிறு எல்லாக் கடையும் மூடியிருந்தது. திங்கள், டைவிங் கடைக்காரர் "நாளைக்கு வாங்க" என்றார். செவ்வாயும் அதையே சொன்னார். சிப்பி மாலை விற்ற பெண், நான் வரி அதிகாரி என்று நினைத்துக் கடையைச் சாத்தினார். ஒரு ரிசார்ட்டில் "தலைமை அலுவலகத்துக்கு மெயில் போடுங்கள்" என்று சிரித்தபடி வாசல் வரை கொண்டுவந்து விட்டார்கள். மூன்று நாளில் இரண்டே பதில்கள். சுந்தர் மட்டும் நன்றாகக் கறுத்திருந்தார்.

புதன் காலை பதினோரு மணி நெருங்கும்போது, நாங்கள் தங்கியிருந்த விருந்தினர் விடுதியின் சொந்தக்காரர் மேரேயிடம் படிவத்தை நீட்டினேன். ஐம்பது வயதிருக்கும். எட்டு அறைகளையும் அவரே பார்த்துக்கொள்கிறார். வாங்கிப் பார்த்துவிட்டு மேசை இழுப்பறையைத் திறந்து நான்கு படிவங்களை எடுத்துப் போட்டார். எல்லாம் எனக்கு முன்னால் வந்த மாணவர்கள் கொடுத்துவிட்டுப் போன நகல்கள்.

"நாலு பேருக்கும் பதில் சொன்னேன். கடைசியில் என்ன எழுதினார்கள் என்று ஒருத்தரும் எனக்கு அனுப்பவில்லை. நீங்களாவது அனுப்புவீர்களா?"

கோபம் வந்தது. "அனுப்புவேன். ஆனா நீங்க பதில் சொன்னாத்தானே!" என்று ஆங்கிலத்தில் வெடித்தேன்.

"அப்ப எனக்கு வேண்டியதைக் கேளுங்க. பதினோரு மணிக்கு மேல் என் குழாயில் தண்ணீர் வருவதில்லை. பக்கத்திலும் அப்படித்தான் என்கிறார்கள். எல்லார் பேரோடும் எழுத்தில் கொண்டு வா என்கிறார்கள் தண்ணீர் அலுவலகத்தில். விடுதியை விட்டுவிட்டு நான் வீடு வீடாகப் போக முடியுமா?"

குளிக்கப் போன சுந்தர் உள்ளிருந்து, தலை முழுக்க ஷாம்பூவோடு, "ஏய், தண்ணி நின்னுடுச்சு!" என்று கத்தினார்.

அன்று மதியம் வெறும் நோட்டோடு கிளம்பினேன். உங்களுக்குத் தண்ணீர் எத்தனை மணிக்கு நிற்கிறது? இது ஒன்றுதான் கேள்வி. டைவிங் கடைக்காரர் நாற்காலி இழுத்துப் போட்டார். சிப்பி மாலைப் பெண் தன் குடங்களைக் காட்டி, இன்னும் மூன்று கடைகளுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். சுந்தரும் முணுமுணுத்துக்கொண்டே தெருவின் மறுபக்கத்தில் கேட்டு வந்தார். வெள்ளி மாலைக்குள் இருபத்தாறு பேர் நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

மேரே ஒவ்வொரு பெயராக வாசித்தார். நல்ல சட்டை மாற்றிக்கொண்டு திங்கட்கிழமை அலுவலகம் போகப்போவதாகச் சொன்னார். நன்றி என்று சொல்லவில்லை. "நகல் எடுத்து வச்சுக்குங்க" என்றார்.

அந்த இருபத்தாறு பதில்களையும் பேராசிரியருக்கு அனுப்பியிருந்தேன்; நாடி விமான நிலையத்தில் அவருடைய மெயில் வந்தது. அனுமதி பெற்ற கேள்விகள் அல்ல, ஆகவே இந்தப் பதில்கள் செல்லாது. அடுத்த செமஸ்டர் பார்க்கலாம். "ஆறு மாசம் போச்சா?" என்றார் சுந்தர். போச்சு என்றேன்.

டப்ளினில் வீட்டு வாசலில் ஊபர் டாக்சி நின்றது. புல்வெளிக்கு வைத்த ஸ்பிரிங்க்ளர் நடைபாதை மேல் அடித்துக்கொண்டிருந்தது. தண்ணீர் ரோட்டில் ஓடியது. "ஷூ நனையுது, சீக்கிரம் வா" என்று சுந்தர் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார். நான் செடிகளை விலக்கி, மண்டியிட்டு, அதை நிறுத்தும் வால்வைத் தேடினேன். பதினொரு வருடமாக இந்த வீட்டில் இருக்கிறோம். அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.