சத்தம் போடாத பிரேக்

ஊர் சிரித்துவிடுமோ என்ற பயம், என் கணவருக்கு இருந்த ஒரே வியாதி. பிரெஞ்சு சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா வேலை. சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடமிருந்து பழைய மோட்டார் காரை வாங்கினார். டிரைவர் வைத்துக்கொள்ளவில்லை, தானே ஓட்டினார். சனிக்கிழமைதோறும் ரேடியேட்டருக்குத் தண்ணீர், இன்ஜினுக்கு ஆயில், டயருக்குக் காற்று என்று தானே எல்லாம் பார்ப்பார். துணியும் கிண்ணமும் நீட்டுவதற்கு நான். குறை சொல்லக் கூடாது, மனிதர் அதில் சோம்பேறித்தனம் காட்டியதே இல்லை.

குழந்தைதான் எங்களுக்குத் தங்கவில்லை. இரண்டு முறை வயிற்றிலேயே போய்விட்டது. மூன்றாவது ஏழு மாதம் வரை நின்றது. ராத்திரியில் அது உதைக்கும்போதெல்லாம் விழித்துக்கொண்டு, 'இன்னும் உதை, இன்னும் உதை' என்று கேட்டுக்கொண்டு கிடப்பேன். பிரசவத்துக்கு என்னைத் திண்டிவனத்தில் அம்மா வீட்டில் கொண்டுபோய் விடுவதாக முடிவானது.

அப்போது காருக்கு ஒரு சீக்கு வந்திருந்தது. பிரேக்கை மிதித்தால் கிறீச்சென்று தெருவே திரும்பும்படி கத்தும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்ற கூட்டத்தில் யாரோ, துரையைக் கூப்பிடுகிற மாதிரி, "முசே வண்டிக்குள்ள பன்னி அறுக்குறாரு டோய்!" என்று கத்த, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். இவருக்கு முகம் செத்துப்போயிற்று.

"கராஜ்ல காட்டுங்களேன்," என்றேன்.

"கத்துற வண்டிக்கு மருந்து எனக்குத் தெரியாதா? எங்கப்பா மாட்டு வண்டி ஓட்டுனவரு," என்று எரிந்து விழுந்தார். அந்த மனிதரிடம் யார் மல்லுக்கட்டுவது?

கிளம்பிய காலை, மூட்டை கட்டி நான் வெளியே வந்தபோது அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். வண்டி புறப்பட்டது. தெருமுனையில் மெல்லப் பிரேக் பிடித்தார்; சத்தமே இல்லை. சாரம் கிராமத்தைத் தாண்டும்போது குறுக்கே வந்த கோழிகளுக்காக மறுபடி மிதித்தார். அப்போதும் இல்லை. வண்டி நிற்காமல் அவற்றைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

"எப்படி வழுக்கிக்கிட்டுப் போவுது பாரு!"

சக்கரத்துப் பக்கமிருந்து சூடான வாசனை ஒன்று வந்தது. பேதிக்குக் கொடுப்பார்களே, அந்த வாசனை.

"இன்னாங்க, வெளக்கெண்ண நாத்தம் அடிக்குது?"

"பிரேக்குக்குப் போட்டேன். அச்சுக்குப் போட்டா மாட்டு வண்டி கத்துமா? அதே கதைதான்," என்றார் பெருமையாக.

வண்டியைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனால் பிடித்து நிறுத்த வேண்டிய இடத்தில் எண்ணெய் எதற்கு என்று மனசு அடித்துக்கொண்டது. கேட்டேன். "பொம்பள பேச்சப் பாரு," என்று சிரித்தார்.

கோரிமேட்டு ஏற்றத்தில் வண்டி தானே தளர்ந்து, பிரெஞ்சு எல்லைச் சுங்கச் சாவடிக் கட்டைக்கு முன்னால் தானே நின்றது. மூட்டையிலிருந்த வெள்ளிச் சாமானுக்குச் சீட்டு வேண்டும், டவுனில் வாங்கி வாருங்கள் என்று சிப்பாய் திருப்பிவிட்டான்.

"நான் இங்கயே ஒக்காந்திருக்கேன். நீங்க மட்டும் போய்ட்டு வாங்க."

"வயித்துப்புள்ளக்காரிய ரோட்டுல வுட்டுட்டு வந்தான்னு ஊரு சிரிக்கணுமா? ஏறு."

ஏறினேன்.

இறக்கத்தில் பாதி தூரம் அவர் வாயில் பேச்சு இருந்தது. பிறகு கால் பிரேக்குக்குப் போயிற்று. மிதித்தார். மறுபடி மிதித்தார். கைப்பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தார். காற்று மட்டும் காதில் இரைந்தது. எதிரே விறகு ஏற்றிய கட்டை வண்டி ஒன்று, ரோட்டை அடைத்துக்கொண்டு வந்தது. "மாதாவே!" என்று அலறி ஓரத்துக்கு ஒடித்தார். மண்மேட்டில் மோதி நின்றது. அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. எனக்கு முன்பலகை வயிற்றில் இடித்தது.

ஆஸ்பத்திரியில் அன்று மாலையே வலி கண்டது. வாசலில் விசாரித்தவர்களிடம் அவர், "மாடு மெரண்டு குறுக்க வந்துடுச்சு," என்று சொல்வது கட்டில் வரை கேட்டது. பாவி மனுஷன், அப்போதும் ஊர் என்ன சொல்லும் என்றுதான் பார்த்தார். எழுந்து போய்ச் சட்டையைப் பிடித்து உலுக்கலாம் என்று வந்தது.

பெண் குழந்தை. என் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். கண் திறக்கவில்லை, நெஞ்சு மட்டும் ஏறி இறங்கியது. பிரசவம் பார்த்த கன்னியர் அம்மா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஞானஸ்நானம் கொடுக்கச் சாமியாருக்கு ஆள் அனுப்பவில்லை. பக்கத்திலிருந்த டம்ளர் தண்ணீரைத் தானே கையில் எடுத்தார்.

"சீக்கிரம் சொல்லும்மா, இன்னா பேரு?"

சாமியார் வரும்வரை தாங்காது என்று எனக்குப் புரிந்துவிட்டது. என் அம்மா பேரைச் சொன்னேன். தண்ணீர் ஊற்றி, ஜெபம் சொல்லி, குழந்தையை என் மார்பில் வைத்தார். காதோரம் குனிந்து அந்தப் பேரைச் சொல்லி ஒரு முறை கூப்பிட்டேன். இரண்டாம் முறை கூப்பிட வாயெடுத்தபோது கன்னியர் அம்மா என் தோளைத் தொட்டார்.