வைக்கோல் கன்று நின்ற இடம்

சனிக்கிழமை கடையில் பருத்திக்கொட்டை நிறுத்துக்கொண்டிருந்தேன். கன்னியம்மாவின் மகன், கும்மிடிப்பூண்டியில் கம்பெனி வேலைக்குப் போகிறவர், சாவுச் செய்தியோடு வந்து, "அம்மா விடியக்காத்தால பூட்டாங்கண்ணா" என்றார். கவரைப்பேட்டையில் பலருக்கு அவர் பால்காரம்மா. எனக்கு யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எட்டு வருஷத்துக்கு முன்னால், அறுபத்தொன்பதில், என் மகள் செல்விக்கு நாலு வயது. ஒரு வார்த்தை பேசியதில்லை. பெரியபாளையத்து அம்மனிடம் வேண்டிக்கொண்டோம். பட்டணத்து டாக்டர் காதில் குறையில்லை என்றார். மனிதர் முகத்தையே பாராத பெண், கண் விழித்ததும் கடைக்குப் பின்னாலிருந்த கன்னியம்மாவின் மாட்டுக் கொட்டகைக்கு ஓடிவிடுவாள்.

அப்போது அவருடைய செவலைப் பசுவின் கன்று செத்தது. கன்று இல்லாமல் பசு பால் விடாது. வழக்கப்படி தோலை உரித்துக் காயவைத்து, உள்ளே வைக்கோல் திணித்து, குச்சிக் காலில் நிறுத்தினார்கள். கண் இருந்த இடத்தில் ஓட்டை. பசு அதை நக்கும், மடி சுரக்கும்.

ஒரு மத்தியானம் போய்ப் பார்த்தேன். பசு ஒரு பக்கம் நக்க, என் மகள் அந்தக் கண் ஓட்டையில் வாயை வைத்து முனகிக்கொண்டிருந்தாள். பசு கன்றைக் கூப்பிடும் அதே அடிக்குரல்.

பசுவை ஏமாற்றுவது போதாதா, என் பெண்ணையும் ஏமாற்ற வேண்டுமா என்று கத்தினேன். கன்னியம்மா சாணி அள்ளுவதை நிறுத்தவில்லை.

"மாட்டுக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினியா நைனா? தெரிஞ்சிதான் நக்குது. ஊட்டுல புள்ள கை நீட்றதுக்குள்ள எல்லாத்தையும் குடுத்துடுறீங்க. இந்த வைக்கோலு ஒண்ணும் குடுக்காது. அதான் புள்ள கூப்ட்டுப் பாக்குது."

எனக்குப் புத்தியில் ஏறவில்லை. அவர் புல் அறுக்கப் போன நேரம் பார்த்து வைக்கோல் கன்றைத் தூக்கிப்போய் ஏரிக்கரையில் கொளுத்தினேன்.

மறுநாள் பசு ஒரு சொட்டு விடவில்லை. கன்னியம்மா வெறும் சொம்போடு உட்கார்ந்திருந்தார். செல்வி காலி இடத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பி, என் முகத்தை நேராகப் பார்த்து, "எங்க?" என்றாள்.

மகள் பேசிவிட்டாள். மேயப் போயிருக்கிறது என்று இழுத்தேன். என் சட்டையில் தோல் கருகிய நாற்றம் இன்னும் இருந்தது. கன்னியம்மாவுக்கு அது போதும். காட்டிக்கொடுக்கவில்லை. பொய் சொல்லவும் விடவில்லை.

"செத்துப்போச்சி கண்ணு. அப்பவே செத்துப்போச்சி."

செல்வி போய் அந்தக் காலி இடத்தில் அசையாமல் நின்றாள். பசு மோந்து பார்த்தது. அவள் நெற்றியை நக்கத் தொடங்கியது. சொம்பில் பால் பீய்ச்சும் சத்தம் கேட்டது.

பசு வற்றும்வரை தினமும் அவள் அங்கே நின்றாள். பேச்சு ஒவ்வொன்றாக வந்தது. அவள் அப்படி நிற்பதைப் பார்த்துப் பழக மட்டும் என்னால் கடைசிவரை முடியவில்லை.

குழந்தை கேட்டால் உள்ளதைச் சொல்வது: கன்னியம்மாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான். இப்போது செல்விக்குப் பன்னிரண்டு வயது. சனிக்கிழமை, கன்னியம்மா இறந்துவிட்டார் என்று சுற்றி வளைக்காமல் அவளிடம் சொன்னேன். அழவில்லை.

"மாட்டுக்குச் சொன்னாங்களாப்பா?" என்றாள்.

யாரும் சொல்லவில்லை. எல்லோரும் சாவு வீட்டு வாசலில் இருந்தார்கள். நான்தான் கொட்டகைக்குப் போனேன். வாயைத் திறப்பதற்குள், கிழட்டுச் செவலை என் பக்கம் திரும்பி, கன்றைக் கூப்பிடும் அந்த அடிக்குரலை எடுத்தது.