பத்தாவது காலர்

வாடிக்கையாளர் போட்டிருக்கும் சட்டையைக் கழற்றி முடிப்பதற்குள் புதுச்சட்டையைத் தைத்து நீட்டிவிடுவார் ஸ்கேல் மாஸ்டர். சரி, கொஞ்சம் கூட்டிவிட்டேன். அந்த ஆள் குளித்து, தலை துவட்டி, ஒரு குட்டித் தூக்கமும் போட்டுவிட்டு வரவேண்டும். ஆனால் அவர் தையலின் நேரைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். சாக்கட்டியால் கோடு போடாமலே துணியை மிஷினுக்குள் விடுவார். ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல வெளியே வரும். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். பெற்றவர்கள் வைத்த பெயரை மருந்துச்சீட்டைத் தவிர வேறெங்கும் யாரும் எழுதுவதில்லை.

அந்த மருந்துச்சீட்டோ, கடையின் ஆளுயரக் கண்ணாடிக்குப் பின்னால் செருகிக் கிடந்தது. மூக்குக்கண்ணாடி மாற்றப் போன இடத்தில் யாரோ சும்மா கையில் பட்டையைக் கட்டிப் பார்த்து, பிரஷர் நூற்றெண்பது என்று திடுக்கிட்டு, தினம் ஒரு மாத்திரை என்று எழுதிக்கொடுத்தார்கள். மூன்று மாதம் விழுங்கினார். பிறகு விட்டுவிட்டார்.

"தலை வலிக்கல, கிறுகிறுன்னு வரல. வலிக்காத நோய்க்கு எதுக்குடி மருந்து? கிழியாத சட்டைக்கு ஒட்டுப் போடுறியா நீ?"

பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து பட்டன் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த மனைவி, "கிழியிற வரைக்கும் காத்திருக்கப் போறீங்களாக்கும்" என்றாள். சொன்ன மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கடித்து என்ன பயன்? சொல் வெளியே வந்தாயிற்று.

வலிக்காத நோய்க்குப் பொறுமை அதிகம். அவர் சிரிக்கும்போதும் சாப்பிடும்போதும் அது உள்ளே ரத்தக்குழாயின் சுவரை அடித்து அடித்துச் சொரசொரப்பாக்கிக்கொண்டிருந்தது. வழவழப்புப் போன இடத்தில் கசடு படியும். அதில் ரத்தம் உறையும். உறைந்த துணுக்கு ஒன்று மூளைக்குப் போகும் குழாயில் சிக்கினால், அந்தப் பக்கத்து மூளைக்கு அந்த நொடி முதல் பட்டினி.

முதல் தடவை அது கதவைத் தட்டிவிட்டுப் போயிற்று. ஒரு காலை வேளை, பேண்ட் ஒன்றின் பக்கத் தையல் நாய்வாலாக வளைந்தது. மாஸ்டர் உறைந்துபோனார். முப்பது வருடத்தில் நடக்காத காரியம். ஊசியை மாற்றினார், எண்ணெய் விட்டார், பாபினைக் கழற்றி ஊதினார். பத்து நிமிடத்தில் தையல் பழையபடி நேராக ஓடியது.

"பாத்தியா, ஊசிதான்" என்றார்.

மனைவிக்கு மனசு ஆறவில்லை. ஊசி மாற்றும்போது அவர் இடது கை திருகைப் பிடிக்கத் தெரியாமல் தடவியதை அவள் பார்த்திருந்தாள். மறுநாள் வந்த மிஷின் ரிப்பேர்க்காரர் எல்லாவற்றையும் ஆட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "மிஷினுக்கு ஒரு குறையும் இல்ல மாஸ்டர். ஆளைத்தான் சர்வீஸுக்கு விடணும்போல!"

மூன்று பேரும் சிரித்தார்கள். அவள் சிரிப்பு மட்டும் பாதியில் நின்றது.

பன்னிரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. பதின்மூன்றாம் நாள், பள்ளிக்கூடக் கோட்டுகளுக்குக் காலர் தைக்கும் வேலை. முப்பது காலர். ஒவ்வொன்றிலும் கேன்வாஸ் வைத்து எட்டு வரிசைத் தையல் ஓட்டவேண்டும். ஒன்றை முடித்ததும் நூலை அறுக்காமல் அடுத்ததை நுழைத்துவிடுவது அவர் வழக்கம். காலர்கள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு மிஷினுக்குப் பின்னால் இறங்கும். முதல் காலரை அவர் ஊசிக்கடியில் வைத்தபோது, தைத்து முடித்த சட்டைகளைப் பள்ளிக்கூடத்தில் கொடுக்க மனைவி கிளம்பினாள். மணி ஒன்று. அலுவலகம் இரண்டுக்கு மூடிவிடும் என்பதால் கடிகாரத்தைப் பார்த்துவிட்டே படியிறங்கினாள்.

அங்கே ஆளைப் பிடித்து, எண்ணிக் கொடுத்து, பஸ்ஸுக்குக் காத்து நின்று, திரும்ப நாலேகால். தெருமுனையிலேயே அவள் ஓட்டமும் நடையுமானாள். மிஷின் சத்தம் இல்லை.

மாஸ்டர் உட்கார்ந்துதான் இருந்தார். மிஷினின் தகடு திறந்து கிடந்தது. வலது கையில் ஸ்க்ரூடிரைவர். இடது கை மடியிலிருந்து நழுவி, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருளாகத் தொங்கியது. வாயின் இடது ஓரம் தையல் விட்ட பாக்கெட்போல இறங்கியிருந்தது.

"ஏங்க! கைக்கு என்ன ஆச்சு?"

"எந்தக் கை?" நாக்கு குழறியது. "மிஷின்தான்... திரும்பவும் கோணுது."

அவர் பொய் சொல்லவில்லை. மூளையின் வலப்பக்கம் அடிபட்டால் சிலருக்கு இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். கை போனதே தெரியாமல், அத்தனை நேரமும் மனிதர் மிஷினைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆம்புலன்ஸ் வந்து தூக்கும்போதும், "துணிய எடு, எண்ணெ படும்" என்று அதட்டினார். அந்த அதட்டலுக்குப் பழகிய மனைவியின் கை, நூலை வெட்டிக் காலர் சங்கிலியைச் சுருட்டிப் பைக்குள் திணித்தது.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் முடிந்து டாக்டரம்மா வெளியே வந்தபோது ஐந்து முப்பத்தைந்து.

"ரத்தக்கசிவு இல்லம்மா, அடைப்புதான். கரைக்கிறதுக்கு ஊசி இருக்கு. ஆனா ஆரம்பிச்ச நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். தாமதமாப் போட்டா மூளையில ரத்தம் கசியலாம். கடைசியா அவரை நல்லபடியா எப்பப் பாத்தீங்க?"

"ஒரு மணிக்கு."

டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தார். முகம் மாறியது. "அஞ்சரையோட கணக்கு முடிஞ்சுதேம்மா. அவரைக் கேட்டா 'இப்பத்தான், மிஷின்'னு சொல்றார். அதை நம்பிப் போட முடியாது."

ஐந்து நிமிடம்தான் தாண்டியிருந்தது. இனி அந்தக் கை துணியைத் தொடாது, அந்த நாக்கு அவளை அதட்டாது. அவள் கை தானாகப் பைக்குள் போயிற்று.

"இதப் பாருங்க டாக்டர்."

சங்கிலி மேஜைமேல் விரிந்தது. ஒன்பது காலர்கள், எட்டெட்டு வரிசை, கத்தி வைத்து வெட்டியதுபோல. பத்தாவதில் மூன்று வரிசை நேர். நாலாவது வரிசை மெல்ல இடப்பக்கம் சாய்ந்து, துணியைவிட்டே இறங்கி, வெறும் நூலாக ஓடியிருந்தது.

"ஒன்னாவத நான் கிளம்புறப்ப வச்சார். ரெண்டு கையும் பிடிக்காம இந்தத் தையல் வராது. ஒன்பது முடியிற வரைக்கும் என் வீட்டுக்காரர் நல்லாத்தான் இருந்திருக்கார்."

"ஒன்னுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஆறு நிமிஷம்."

"வேகமாத் தச்சிருந்தா?"

"தலைபோற அவசரம்னாலும் அஞ்சுக்குக் கீழ வராது. பக்கத்துல உக்காந்து இருபத்தெட்டு வருஷமாப் பாக்குறேன்."

டாக்டரம்மா பத்தாவது காலரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உதடு எண்ணியது. ஒன்பது ஐந்து நாற்பத்தைந்து. ஒன்றே முக்கால். அதிலிருந்து நாலரை மணி நேரம் என்றால் ஆறேகால் வரை.

"கையெழுத்துப் போடுங்க. கசியிற ஆபத்து முழுசாப் போயிடல, தெரிஞ்சுக்கோங்க" என்றவர் பதிலுக்கு நிற்காமல் உள்ளே ஓடினார். ஐந்து ஐம்பதுக்கு ஊசி ஏறியது.

இரண்டு நாள் கழித்துக் கட்டைவிரல் அசைந்தது. பிறகு எட்டு மாதம் ரப்பர் பந்தைப் பிசைந்தார், பட்டன் பொறுக்கினார், கோபப்பட்டார், அழுதார். ரத்தம் மறுபடி உறையாதிருக்க ஒரு மாத்திரை, பிரஷருக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று, மூன்றும் ஆயுளுக்கும். இப்போது மாஸ்டரின் கை பழைய கை. திரும்பி வந்ததும் முதல் வேலையாக அந்தப் பத்தாவது காலரைப் பிரித்து, மறுபடி தைத்து, முப்பதையும் கணக்காகப் பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிட்டு—

"நிறுத்துங்க, நிறுத்துங்க" என்றாள் இதைக் கேட்டபடி காஜா எடுத்துக்கொண்டிருந்த மனைவி. "பழைய கையாவது ஒன்னாவது. காலையில அவர் சட்டைக்குப் பட்டன் போட்டு விடுறது நான். கோட்டெல்லாம் வேற கடையில தச்சு வாங்கிக்கிட்டாங்க. அந்தக் காலரையும் யாரும் பிரிக்கல. இந்த டிராயர்ல இருக்கு. இப்பத்தான் நல்லா இருக்கேனே, மாத்திரை எதுக்குன்னு அவர் கேக்குறப்ப எடுத்துக் காட்டுவேன்."

நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"இந்த மாசத்துல மட்டும் ரெண்டு தடவ காட்டிட்டேன்."