ஒரு ‘ஆயித்து’

சாமிநாதனுக்கு நாற்பத்தாறு வயசு. திண்டிவனத்தில் அவர் பாடம் நடத்திய கல்லூரியை இழுத்து மூடியதும், கெட்டும் பட்டணம் சேர் என்று மனைவி லாவண்யாவோடு பெங்களூரை ஒட்டிய ஆனேக்கலுக்கு வந்தார். இங்கேயும் ஒரு கல்லூரி வேலை கொடுத்தது. ஆனால் டாக்டர் பட்டம் முடித்தால்தான் வேலை நிலைக்கும். இல்லையென்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

ஏரிகளில் தண்ணீர் எப்படி வற்றுகிறது என்பது ஆராய்ச்சி. அந்தக் கணக்கைப் போடச் சொன்னால் அவருடைய லேப்டாப் சூடேறிப் படுத்துக்கொள்ளும். “யூனிவர்சிட்டி கிளஸ்டர்ல ஓட்டிப் பாருங்க” என்றார் கைடு அம்ருதா மேடம். நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர்கள் ஒன்றாகச் சேர்ந்து கணக்குப் போடும் இடம் அது.

மனுஷன் ஆழம் தெரியாமல் காலை விட்டார். எல்லோரும் உள்ளே நுழைகிற வாசல் மிஷினிலேயே முதல் நாள் புரோகிராமை ஓட்டிவிட்டார். இருநூறு பேர் வேலை நின்றுபோய், அவர் பேரைப் போட்டே கண்டித்து எல்லோருக்கும் மெயில் போனது. ஐயோ, அந்த வயசில் அந்த மானக்கேடு! எத்தனை மிஷின், எத்தனை மணி நேரம் என்று எழுதிக் கொடுத்து வரிசையில் நிற்க வேண்டும் என்பது பிறகுதான் புரிந்தது. எழுத்து ஒன்று பிசகினாலும் திரும்பக் கடைசியிலிருந்து நிற்கணும். ரேஷன் கடையே தேவலை. பத்து வாரம் இப்படி லோல்பட்டு, கடைசியில் நாற்பது ஏரிகளின் கணக்கும் ஒரே மூச்சில் வந்து விழுந்தது.

விழுந்தது தற்காலிக டிஸ்கில். அங்கே பதினைந்து நாள் ஆனதை மிஷினே துடைத்துப்போடும்; வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு அந்தக் கெடு முடிகிறது. வெள்ளிக்கிழமை, கிளஸ்டரைப் பார்த்துக்கொள்ளும் பசவராஜிடம் போனார்.

“சார், என் ஃபைலையெல்லாம் பத்திரமான இடத்துக்கு மாத்தணும்.”

பசவராஜ் கீபோர்டில் ரெண்டு தட்டு தட்டிவிட்டு, “ஆயித்து சார்” என்று தலையாட்டினார்.

ஆனேக்கலில் தமிழை வைத்தே காலம் ஓடிவிடும். சாமிநாதனின் கன்னடம் அரைகுறைதான். பக்கத்து வீட்டம்மா “ஊட்டா ஆயித்தா?” என்பாள், சாப்பாடு முடிந்ததா என்று அர்த்தம். அப்படியானால் ஆயித்து என்றால் முடிந்தது. மனம் குளிர வீட்டுக்குப் போனார்.

திங்கட்கிழமை வந்து பார்த்தால் ஒரு ஃபைல்கூட இல்லை.

“ஆயித்துன்னு சொன்னீங்களே சார்!”

“ஹௌது, சொன்னேன். ஆயித்துன்னா சரி, பண்றேன்னு அர்த்தம் சார். நீங்க மெயில் போடுவீங்க, போட்டதும் மாத்தலாம்னு இருந்தேன்.” பசவராஜின் முகமும் செத்துப்போயிருந்தது.

மறுபடி ஓட்டலாம்தான், வரிசை ஐந்து வாரத்துக்கு நிற்கிறது. ஆய்வேட்டைக் கொடுக்கக் கடைசி நாள் இந்த வெள்ளிக்கிழமை. மூன்று தரம் தள்ளி வைத்தாயிற்று. “இனிமே ரூல்ல இடமில்ல சார்” என்றார் அம்ருதா மேடம், அவர் முகத்தைப் பார்க்காமல்.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது லாவண்யாவின் போன்.

“என்னங்க, எல்லாம் ஆச்சா?”

இந்தப் பெண்ணை இன்னும் எந்த ஊருக்கு இழுத்துக்கொண்டு போவது?

“ஆயித்து” என்றார்.

அவளுக்கும் அவ்வளவு கன்னடம்தான் தெரியும். “அப்பாடா, முருகா! கேசரி கிண்டி வெக்கிறேன், சீக்கிரம் வாங்க” என்றாள்.